ரிட்டர்ன் பம்பும் மாமனார் வீடும்

என் மாமனார் ஒருநாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அவர்மேல் எனக்கு இருந்த முதல் புகாரே அதுதான். "வாங்க மாப்ள", "சாப்டீங்களா மாப்ள", "எழுந்துட்டீங்களா மாப்ள, வெயில் வந்துச்சு பாருங்க" என்று எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' வைத்து, அந்த 'ங்க'வாலேயே அடிப்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதை கொடுத்து அடிக்கிறவரை என்ன செய்ய முடியும்? பல்லைக் காட்டிவிட்டு நகர வேண்டியதுதான். நானும் அவரை "சொல்லுங்க மாமா" என்றுதான் கூப்பிட்டேன். என் 'ங்க'விலும் தேன் ஒன்றும் வடியவில்லை.

வேங்கிக்காலில் அவர் கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததற்கு இரண்டு காரணம் வைத்திருந்தோம். வெளியாட்கள் கேட்டால், என் மனைவிக்குக் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் கிடைத்தது என்போம். உண்மை என்னவென்றால், சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் எனக்கு இருந்த வேலை போய்விட்டது. அதனால்தான் அவள் அலைந்து திரிந்து மாற்றல் வாங்கினாள். மாமனார் மனைவியை இழந்தவர். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் நிலத்துக்குப் போவார், மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்புவார். "அப்பாவுக்கும் ஒரு துணையாச்சு" என்றாள் மனைவி. துணை என்பது அவள் கண்டுபிடித்த சொல். அவர் வேறு சொல் வைத்திருந்தார்.

வந்த சில நாட்களிலேயே அது என் காதில் விழுந்தது. முன் அறையில் உட்கார்ந்து சொந்தக்காரர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் பேசினால் தெருவே கேட்கலாம். "பொண்ணும் மாப்ளையும் இங்கதான் கீறாங்க. ஆமா. மாப்ள ரிட்டர்ன் ஆயிட்டாருங்க" என்றார்.

ரிட்டர்ன். செக் ரிட்டர்ன் ஆகும். அளவு சேராத சட்டை ரிட்டர்ன் ஆகும். ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த கூரியர் ரிட்டர்ன் ஆகும். மாப்பிள்ளையும் ஆவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மனைவியிடம் சொன்னதற்கு, "அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்ளோதான், திரும்பி வந்துட்டீங்கன்னு சொல்றாரு, அதுல இன்னா தப்பு" என்றாள். அப்பாவுக்கு அவள் ஒரு வக்கீல். நான் அந்த வார்த்தையைத் தூக்கிப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டேன்.

சாமான் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியது என் மீன் தொட்டி. ஆள் படுக்கும் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்ட், ஸ்டாண்டுக்கு உள்ளே வைக்க இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி. ஹாலில் ஃபேன் காற்று படும் சுவரோரமாக, ப்ளக் பாயிண்டை ஒட்டி, ஓர் இடம் காலியாக இருந்தது. தரை டைல்ஸில் நாலு மூலைக்கு நாலு துருக்கறை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் வந்ததே ஒன்றிரண்டு தடவைதான், எது எங்கே கிடந்தது என்று கவனித்ததில்லை. ஏதோ பீரோ இருந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டாண்டை அங்கே வைத்தோம். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

மாமனார் அப்போது வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படுக்கை முன் அறையில் இருந்தது. உர மூட்டைகள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், வண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டில். கிரில் கதவு வழியாகத் தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர் படுத்திருப்பது தெரியும். மாப்பிள்ளை வந்ததும் பெரியவரை வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நாலு பேர் பேச வேண்டும், அதற்குத்தான் இந்தக் கோலம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். உள்ளே எங்கள் அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை பாத்திரம் பண்டத்தோடு கிடந்தது. அதை ஒழித்துத் தருகிறோம் என்று மனைவி சொல்லியும் அவர் அசையவில்லை. நாடகம் என்றால் மேடையை விட்டு யார் இறங்குவார்கள்?

இந்த மாதிரித் தொட்டியின் வேலை இவ்வளவுதான். மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சு, கல் எல்லாவற்றையும் தாண்டிச் சுத்தமாகும். சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே தள்ள ஒரு சின்ன மோட்டார் வேண்டும். அதற்குப் பெயர்தான் ரிட்டர்ன் பம்ப். பெயர் வைத்தவனை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். என்னிடம் இருந்த பம்ப் லாரியில் வந்த குலுக்கலில் உள்தண்டு உடைந்து போயிருந்தது.

அதனால் மீன்கள் பின்கட்டில் ஒரு நீல டிரம்மில் கிடந்தன. ஆஸ்கர் என்பார்கள், உள்ளங்கைக்கு மேல் பெரிய, முரட்டு முக மீன்கள். தீனி போடும் ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னாலேயே நீந்தும். டிரம்மில் காற்றுக் குமிழி விட ஒரு சின்ன மெஷின் போட்டிருந்தேன். ஆனாலும் நாளுக்கு நாள் தண்ணீர் நாறியது. பெரிய ஆஸ்கர் தீனி எடுப்பதை நிறுத்திவிட்டது. மாமனார் ஒருநாள் டிரம்மை எட்டிப் பார்த்தார். "இத கொழம்பு வெப்பாங்களா மாப்ள?" என்றார்.

"இல்லீங்க மாமா. இது அழகுக்கு."

"அழகுக்கா?" மறுபடி எட்டிப் பார்த்தார். மீனின் முகத்தை, பிறகு என் முகத்தை. "கொழம்புக்கும் ஆவாது, கும்புடவும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது மீனையா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அடுத்து பௌர்ணமி வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாமி பார்க்கக் கூட்டம் வரும், அது வேறு. சொந்தக்காரர்கள் வருவார்கள். செருப்பை, பையை, குழந்தையை எல்லாம் நம் வீட்டில் போட்டுவிட்டு மலையைச் சுற்றப் போவார்கள். விடிந்ததும் கால் வீங்கித் திரும்பி வந்து ஹாலில் பாயை விரித்துச் சாய்வார்கள். எழுந்து காப்பி குடித்துக்கொண்டே வீட்டுக்காரன் நிலவரத்தை விசாரிப்பார்கள். என் நிலவரத்தைக் காட்ட அந்த வீட்டில் என்னிடம் அந்தத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. வாங்கியது நான், கழுவுவது நான், அது ஓடினால் அந்த ஹாலில் எனக்கென்று ஒரு மூலை இருக்கிறது என்று பொருள். ஓடாமல் வறண்டு கிடந்தால், ரிட்டர்ன் வந்தவர் ரிட்டர்ன் வந்த சாமானோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். மீன் சாவதற்குள்ளும் ஜனம் வருவதற்குள்ளும் பம்ப் ஓட வேண்டும்.

ஊருக்குள் போய்த் தேடினேன். மீன் விற்கும் கடை ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்து, "ரிட்டர்ன் பம்ப் இருக்குங்களா?" என்றேன். கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. விரலை மட்டும் மேலே காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகை. "ரிட்டர்ன்லாம் எடுக்கிறதில்ல சார்."

"ரிட்டர்ன் கொடுக்க வரலீங்க. ரிட்டர்ன் பம்ப் வாங்க வந்தேன்."

"யாராவது ரிட்டர்ன் குடுத்தாதான சார் விக்க முடியும். நாங்கதான் எடுக்கிறதில்லையே."

நியாயமான பதில்தான். விளக்கிச் சொன்ன பிறகு, கிண்ணத் தொட்டிக்குப் போடும் சின்ன மெஷின் ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு டம்ளர் காப்பியை ஆற்றுவதற்குக்கூட அதற்குத் திராணி இருந்திருக்காது. அந்தப் பலகையை நின்று இன்னொரு தடவை படித்தேன். 'கட்டிக் கொடுத்த பெண் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ஒன்று எழுதி என் மாமனார் வாசலில் மாட்டியிருந்தால் யாருக்கும் வம்பில்லை என்று தோன்றியது.

பம்ப் வாங்குவதில் பெட்டியை நம்பக்கூடாது என்பது பாலபாடம். மணிக்கு இத்தனை லிட்டர் தள்ளும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது தண்ணீரை மேலே தூக்கவே வேண்டாத நிலையில் தள்ளும் கணக்கு. தூக்கத் தூக்கக் குறையும். குழாயில் ஒரு முட்டி போட்டால் இன்னும் குறையும். வெறுங்கையோடு சமதரையில் நடப்பவனுடைய வேகத்தைச் சொல்லி, மூட்டை தூக்கி மாடி ஏறுகிறவனை வேலைக்கு எடுப்பது போலத்தான். சரி, பெரிதாக வாங்கிவிடலாம் என்றால் அதுவும் வம்பு. வழிந்து இறங்கும் குழாய் எவ்வளவு இறக்குமோ அதற்கு மேல் பம்ப் தள்ளினால் மேல் தொட்டி பொங்கிவிடும். சத்தமும் பார்க்க வேண்டும். ராத்திரி பகல் நிற்காமல் ஓடுவது என்பதால் சூடாகிறதா, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான் டேப்பை வைத்து உயரத்தை அளந்து, குழாய் முட்டிகளை எண்ணி, போனில் ஒவ்வொரு பம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார்.

"எத்தினி அடி தூக்கணும் மாப்ள?"

"நாலடி இருக்கும்ங்க மாமா."

"நாலடிக்கா இத்தினி யோசன? கெணத்துல மோட்டார் எறக்கறதுக்கே நான் இவ்ளோ யோசிக்கல. ஒரு ஹெச்.பி. போடுங்க, உத்தரத்துக்கு அடிக்கும்."

"உத்தரத்துல மீன் இல்லீங்களே மாமா."

மனைவி சமையலறையிலிருந்து இருமினாள். அது எங்கள் வீட்டில் ரெஃப்ரி ஊதும் விசில்.

மறுநாள் மத்தியானம் அவர் நிலத்திலிருந்து திரும்பும்போது கையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. பழைய டேப் ஒட்டி, அதைப் பிரித்து, மேலே புது டேப் ஒட்டிய பெட்டி. என் முன்னால் வைத்தார். "பிரிங்க மாப்ள. பஜாரெல்லாம் அலைஞ்சி வாங்கியாந்தேன்."

உள்ளே ஏர்கூலருக்குப் போடும் பம்ப் ஒன்று. ஒயரில் யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மூடியில் சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "இது யாரோ யூஸ் பண்ணதாச்சுங்களே மாமா?"

"ஆமா. நீங்க அதான கேட்டீங்க?" என்றார். "மோட்டார் கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். மாப்ளைக்கு ரிட்டர்ன் பம்ப்தான் வேணுமாம்னு கேட்டேன். அவனுக்கே சிரிப்பு. புதுசு வாணாவா, ரிட்டர்ன் வந்ததா வேணுன்றாரான்னான். ஆமாடா, அவரு இன்ஜினியரு, அவருக்குத் தெரியும், நீ குடுன்னு வாங்கியாந்தேன்."

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறார், போனில் சொன்ன வார்த்தையை இப்போது பெட்டியில் போட்டுக் கையில் கொடுக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மோட்டார் கடைவரை போய் மாப்பிள்ளைக்கு ரிட்டர்ன் சாமான்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "இது ஒத்து வராதுங்க மாமா. திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

"ரிட்டர்ன் வந்தத ரிட்டர்ன் எடுப்பானா?" என்றார். உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் டிரம்மில் தண்ணீர் மாற்றினேன். மீனைத் தவிர அந்த வீட்டில் முகம் கொடுக்க எனக்கு ஆள் இல்லை.

கடைசியில் சென்னையில் எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் போனில் சொல்லி, பஸ் பார்சலில் ஒரு பம்ப் வரவழைத்தேன். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடுவது, நாலடியில் எவ்வளவு தள்ளும் என்று தனியாகக் கோடு போட்டுக் காட்டியிருந்தது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தபோது, வேலை கிடைத்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. குழாயை வெட்டி ஒட்டி, மேல் தொட்டியில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ்வரை, கீழ்த் தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்வரை தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் ஏறியது. மேலே சலசலத்து விழுந்தது, நிரம்பியது, வழிந்து கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. தண்ணீர் பழகட்டும் என்று ஓரிரண்டு நாள் ஓடவிட்டு மீன்களை விட்டேன். பெரிய ஆஸ்கர் ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியில் மூக்கை வைத்து என்னைப் பார்த்தது. தீனி போட்டேன். எடுத்தது. அது தின்று முடிக்கும்வரை நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

மாமனார் வந்து ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து, நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். "சத்தமே கம்மியா கீதே. ஓடுதா நிக்குதான்னு எப்பிடித் தெரியும்?"

"தண்ணி ஏறுது பாருங்க."

"மோட்டார்னா சத்தம் கேக்கணும் மாப்ள. சத்தம் போடாத மோட்டார நம்பி ராத்திரி தூங்கக் கூடாது." நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கீழ ஏன் பாதி காலியா கீது?" என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சொன்னாலும் ஒரு ஹெச்.பி.க்குத்தான் போய் முடியும் என்று விட்டுவிட்டேன்.

பௌர்ணமிக்கு ஜனம் வந்தது. வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் என் மாமனாரின் தங்கை, என் மனைவிக்கு அத்தை, முக்கியமான ஆள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் குடிப்பதற்குள் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும், "இன்னா மாப்ள, லீவா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார், "ரிட்டர்ன் ஆயிட்டாரும்மா" என்றார், ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவனைச் சொல்வது போல. அத்தை ஒரு "ஓகோ" போட்டார். அந்த ஓகோவை வைத்து ஒரு வீடே கட்டலாம், அவ்வளவு நீளம். நான் மீனுக்குத் தீனி போடப் போய்விட்டேன். குழந்தைகள் தொட்டியைச் சுற்றி நின்று ஆ, ஊ என்றார்கள். அத்தையும் வந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். மாமனார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மலை சுற்றப் புறப்பட்டார்கள், விடிந்து திரும்பினார்கள். ஹாலில் பாயும் ஜமக்காளமும் விரித்து வரிசையாகப் படுத்தார்கள். அத்தை தொட்டிப் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தார், தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். நான் இட்லி வாங்கக் கடைக்குப் போனேன். போன நேரத்தில் பைப்பில் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வந்துவிட்டால், தூங்குகிறவன் எழுந்து ஓடுவான், பூஜையில் இருப்பவன் மணியை வைத்துவிட்டு ஓடுவான். குடம், வாளி, அண்டா, டம்ளர், எது வெறுமையாக இருக்கிறதோ அது நிரம்ப வேண்டும். என் மாமனார் அண்டாவில் இருந்த பழைய தண்ணீரைக் குடத்தில் மொண்டு எடுத்திருக்கிறார், புதுத் தண்ணீருக்கு அண்டாவைக் காலி செய்ய. அந்தக் குடங்களை எங்கே ஊற்றுவது? பாதி காலியாக ஒரு தொட்டி இருக்கவே இருக்கிறது. படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போய், கீழ்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருக்கிறார்.

நான் இட்லிப் பையோடு படியேறவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

பம்ப் நின்றால் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் சும்மா நிற்காது. குழாயில் இருப்பது, மேல் தொட்டியின் விளிம்பில் இருப்பது, எல்லாம் வந்த வழியே கீழே இறங்கும். அப்படி இறங்குவதற்காகத்தான் கீழ்த் தொட்டியில் பாதியைக் காலியாக விடுவது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே அத்தை அலறும் சத்தம் கேட்டது. ஓடினேன். கீழ்த் தொட்டி பொங்கி, ஸ்டாண்டின் கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. ஜமக்காளம் மிதந்தது. மலை சுற்றிக் கால் வீங்கியவர்கள் எல்லாம் வீக்கத்தை மறந்து நின்றார்கள். அத்தையின் கொண்டையிலிருந்து சொட்டியது. மேலே குழாயைத் தண்ணீரிலிருந்து உருவித் தூக்கிப் பிடித்தேன். அப்புறம்தான் இறங்குவது நின்றது.

"யாரு கீழ தண்ணி ஊத்துனது?"

"நான்தான் மாப்ள" என்றார் மாமனார். கையில் வெறுங்குடம். "பாதி வெறுமையா கெடந்துச்சு. வந்த ஜனம் பாத்தா இன்னா சொல்லும்? தண்ணி ஊத்தக்கூட வக்கில்லாத வீடுன்னு சொல்லாதா? நெறச்சு வெச்சேங்க."

அந்த 'ங்க'தான் என்னை உடைத்தது. அத்தனை நாள் விழுங்கிய அத்தனை 'ங்க'வும் ஒரே நேரத்தில் மேலே வந்தன. "திரும்பி வர்றதுக்கு எடம் விடணும்ங்க!" என்று கத்தினேன். "எடமே இல்லாம நெறச்சு வெச்சுட்டா, திரும்பி வர்றது எங்கங்க போவும்? திரும்பி வந்தது தரையிலதான் கெடக்கணுமா? கொஞ்சம் எடம் விடக்கூடாதாங்க?"

கத்தி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நான் தண்ணீரைத்தான் சொன்னேன். ஹாலில் ஒருவர் காதிலும் அது தண்ணீராக விழவில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்றாள், இருமவில்லை. அத்தை சொட்டும் கொண்டையோடு என்னையும் தன் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமனார் குடத்தைக் கீழே வைத்தார். தண்ணீரில் அது சாய்ந்து உருண்டது.

"எடம் விடலையா?" என்றார். போனில் பேசும் குரல் அது, தெருவுக்கே கேட்டிருக்கும். "உன் தொட்டி நிக்குதே, அது யாரு எடம்டா? என் கட்டில் கெடந்த எடம்டா அது. பத்து வருசமா அந்த ஃபேனுக்கு நேரா படுத்தவன். நீ வர்றன்னு இவ போன் பண்ணா. அன்னிக்கே கட்டில இழுத்துகினு போயி மூட்டையாண்ட போட்டேன். உங்கிட்ட சொல்ல வாணாம்னு இவ வாயயும் அடச்சேன். கொசுக்கடியில கெடக்கறேன். இது யாரு எடம்னு ஒரு வார்த்த கேட்டியா? எடம் விடலையாம், எடம்!"

நாலு துருக்கறை. ஆள் படுக்கும் நீளத்துக்கு எந்த ஊரில் பீரோ செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம். கட்டிலை எடுத்துப் போட்ட அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லாமல் வாசலில் படுத்துக்கொண்டு, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு, ஊருக்கு 'ரிட்டர்ன்' என்று சொல்லிக்கொண்டு. இந்த மனிதரை நான் என்ன செய்வது?

முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். "யண்ணா, மாப்ளைய போயி டா-ன்றியே" என்றார்.

"சொல்லுவேன்" என்றார் மாமனார். முன் அறைக்குப் போய் ஒரு காலி உரக்கோணியைக் கொண்டுவந்து என் மார்பில் எறிந்தார். "புடி. தொடை."

துடைத்தேன். அவரும் இன்னொரு கோணியோடு எதிர்ப்பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். நடுவில் வந்ததும் இரண்டு பேரும் ஒரே இடத்தைத் துடைத்தோம், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இட்லி ஆறிப்போயிற்று. ஜனம் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வேன் ஏறியது.

அன்று சாயங்காலம் தொட்டியைக் காலி செய்து நகர்த்தி, கட்டிலை உள்ளே போடுகிறேன் என்று போய் நின்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் அத டிரம்முல போடுவியா? செத்துப் பூடும். கெடக்கட்டும் போ" என்றார். பாத்திரம் பண்டம் கிடந்த பின் அறையை ஒழித்து ஒரு ஃபேன் மாட்டினேன். ஒரு வாரம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, ஒருநாள் தானே கட்டிலை இழுத்துக்கொண்டு போனார். போகும்போது ஃபேனில் சத்தம் வருகிறது என்று குறை சொன்னார்.

எங்களுக்குள் ஒன்றும் சரியாகிவிடவில்லை. இப்போது முகத்துக்கு நேராகவே சண்டை போடுகிறோம். கரண்ட் பில் வந்தால் என் பம்பைத் திட்டுவார், நான் அவர் கிணற்று மோட்டாரைத் திட்டுவேன். அந்தக் கூலர் பம்ப் பரணில் கிடக்கிறது, யார் தூக்கிப் போடுவது என்று அதற்கும் ஒரு தகராறு பாக்கி. எனக்கு ஒரு வேலை கிடைத்தது, முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு. "பாதியாவது வருதே" என்றார். பைப்பில் தண்ணீர் வந்தால் வீட்டில் இருக்கும் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்புவார், கீழ்த் தொட்டியைத் தொடமாட்டார்.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அத்தையாகத்தான் இருக்க வேண்டும். நான் தொட்டிக்குக் கீழே குனிந்து பம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கும் குரல்.

"ரிட்டர்னா? எங்க? யாரு சொன்னா? அவன் எங்கயும் போவல. இங்கதான் கீறான்."

பம்பை மறுபடி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. தண்ணீர் ஏறியது.